ஊட்டிக் குளிரில் ஒரு மனிதப் புரதம்: ஈ.கோலையில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

செய்முறைப் புத்தகங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் சமவெளிக்காரர்கள். "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்று அவர்கள் எழுதினால் 25 டிகிரி என்று பொருள். ஊட்டியில் ஜூலை மாதம் எங்கள் லேப் அறை 15 டிகிரி. "கொதிக்கும் நீரில் 5 நிமிடம்" என்றால் அவர்களுக்கு 100 டிகிரி. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கோவையில் ஒரு தடவைகூடச் சொதப்பாத அதே செய்முறையை மேலே கொண்டுவந்து, முதல் மூன்று மாதம் கையில் ஒன்றும் கிடைக்காமல் விழித்தவன் நான். பிறகுதான் ஒவ்வொரு வரியையும் தெர்மாமீட்டர் வைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் முதுகலை புராஜெக்ட் செய்பவர்களுக்காக, அப்படிப் படித்துத் திருத்திய செய்முறை இது.

எந்தப் புரதம், ஏன்

மனித கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2. நம் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் நொதி. கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து பைகார்பனேட் ஆக்குவது இதன் வேலை. ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடியில் சுமார் 10 லட்சம் வாயு மூலக்கூறுகளை மாற்றிவிடும். 1933-இல் மெல்ட்ரம், ரௌட்டன் இருவரும் இதைக் கண்டறிந்தார்கள். 1940-இல் கெய்லினும் மானும் அதற்குள் துத்தநாகம் இருப்பதைக் காட்டினார்கள். அந்தத் துத்தநாகம் பின்னால் நமக்கு வேலை வைக்கப்போகிறது, நினைவில் இருக்கட்டும்.

பழகுவதற்கு இதைவிட நல்ல புரதம் எனக்குத் தெரிந்து இல்லை. 260 அமினோ அமிலம், சுமார் 29 கிலோடால்டன். இதன்மேல் சர்க்கரைச் சங்கிலி எதுவும் ஏறுவதில்லை. டைசல்ஃபைடு பிணைப்பும் கிடையாது. இந்த இரண்டும்தான் முக்கியம். ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மனித செல்போலச் சர்க்கரை ஏற்றத் தெரியாது. அதன் உட்புறச் சூழலில் டைசல்ஃபைடு பிணைப்பு எளிதில் உருவாகவும் செய்யாது. 1977-இல் பாக்டீரியாவில் முதன்முதலாகத் தயாரான மனிதப் புரதம் சொமாட்டோஸ்டாட்டின். 14 அமினோ அமிலம்தான். அடுத்த வருடம் இன்சுலினைச் செய்தபோது அதன் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனி பாக்டீரியாவில் தயாரித்து, வெளியே எடுத்து இணைத்தார்கள். அது 1982-இல் மருந்தாக அனுமதி பெற்றது. நமக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை, ஒரே சங்கிலி தானாக மடிந்துகொள்ளும்.

இன்னொரு வசதியும் உண்டு. புரதம் உயிரோட்டமாக இருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீலம் மஞ்சளாக மாறும், அவ்வளவுதான். லடாக் போகிறவர்கள் மலைநோய் வராமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் அசெட்டசோலமைடு மாத்திரை தடுப்பது இந்த வகை நொதியைத்தான். அதையே ஒப்பீட்டுச் சோதனைக்குப் பயன்படுத்தப் போகிறோம்.

தொடங்கும் முன் காகித வேலை. மரபணு மாற்றிய உயிரி எதுவானாலும், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள்படி, உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரியப்படுத்த வேண்டும். இது குறைந்த ஆபத்து வகைதான். அதற்காகச் சொல்லாமல் செய்துவிடாதீர்கள். இதில் கிடைக்கும் புரதம் ஆய்வுக்கு மட்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்கோ விலங்குகளுக்கோ செலுத்தும் தரம் இதற்குக் கிடையாது.

மரபணுவும் பிளாஸ்மிடும்

மனித மரபணுவை அப்படியே எடுத்து ஈ.கோலையில் போடுவதைவிட, அதற்குப் பழக்கமான கோடான்களாக மாற்றி எழுதி, செயற்கையாகத் தயாரித்து வாங்குவது இன்று எளிது. பெட்-28ஏ பிளாஸ்மிடில் (மரபணுவைச் சுமந்து செல்லும் வட்ட டி.என்.ஏ.) என்.டி.இ.-1, எக்ஸ்.எச்.ஓ.-1 என்ற வெட்டு நொதிகளின் வெட்டிடங்களுக்கு நடுவே கேளுங்கள். புரதத்தின் முன்முனையில் 6 ஹிஸ்டிடின் கொண்ட வால் சேர்ந்துவிடும். பின்னால் புரதம் நிக்கல் தூணில் ஒட்டிக்கொள்வது இந்த வாலால்தான். வாலோடு சேர்த்து எடை 31 கிலோடால்டனைத் தொடும். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லைப் பார்க்கும்போது 29 என்று தேடி ஏமாறாதீர்கள். ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு சரிபார்ப்பு. மரபணுவுக்கு உள்ளே அந்த இரண்டு வெட்டிடங்களும் வரக்கூடாது. எக்ஸ்.எச்.ஓ.-1க்கு முன்னால் நிறுத்தக் கோடான் இருக்க வேண்டும். அது விட்டுப்போனால் பின்முனையிலும் ஒரு வால் முளைக்கும்.

பிளாஸ்மிடை உலர்த்தி அனுப்பச் சொல்லுங்கள். டி.என்.ஏ. உலர்ந்த நிலையில் சாதாரணக் கூரியரில் பத்திரமாக வரும். உலர்பனியில் (உறைந்த கரியமில வாயு) வரும் தகுதிச் செல்கள்தான், அதாவது பிளாஸ்மிடை ஏற்கத் தயாராக்கிய செல்கள்தான், தலைவலி. நவம்பர் மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்தில் வண்டி நிற்கும், பெட்டி திறக்கும்போது உள்ளே வெறும் தண்ணீர். அதனால் செல்களை வாங்குவதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கால்சியம் குளோரைடு முறையில் நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் உலர்பனி மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கடைசிச் சோதனைக்கு அது தேவைப்படலாம். மூடிய பாட்டிலில் மட்டும் வைக்கவே கூடாது, வெடிக்கும்.

செல் இரண்டு வகை வேண்டும். பிளாஸ்மிடைப் பெருக்கிச் சேமிக்க டி.எச்.5 ஆல்ஃபா; புரதம் எடுக்க பி.எல்.21 டி.இ.3. பிளாஸ்மிடில் உள்ள நம் மரபணுவைப் படிக்கும் டி7 பாலிமரேஸ் நொதி இரண்டாவதில்தான் இருக்கிறது. முதலாவதில் புரதம் எடுக்கப் பார்த்து ஒரு வாரம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

15 பவுண்டு என்பது இங்கே 15 பவுண்டு அல்ல

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், என் மூன்று மாதத்தில் பாதியைத் தின்றது இதுதான். எல்.பி. ஊடகம் கலக்குவதில் ஒன்றும் இல்லை. ஒரு லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 5 கிராம், உப்பு 10 கிராம். ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அப்படியே செய்தேன். இரண்டாம் நாள் பாட்டில்கள் கலங்கின. ஊடகப் பொடியைச் சந்தேகப்பட்டேன், தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கையையே சந்தேகப்பட்டேன்.

விடையைச் சொன்னது எங்கள் லேப் உதவியாளர் அண்ணன். கோத்தகிரி பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படகர் கிராமம்). "ஊர்ல ரெண்டு விசில் வெச்சா பருப்பு வேகும். இங்க எத்தன வெக்கறீங்க சார்?" என்றார். நான் நாலு வைக்கிறேன். அப்போதுதான் உறைத்தது.

ஆட்டோகிளேவின் முள் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அழுத்தம் கூடுதல் என்பதைத்தான். கடல்மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பவுண்டு; அதோடு 15 சேர்ந்தால் சுமார் 29.7, அங்கே நீராவி 121 டிகிரி. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் வெளிக்காற்று 11.3 பவுண்டு அளவில்தான் இருக்கிறது. அதோடு 15 சேர்த்தால் 26.3. நீராவி 117 டிகிரியில் நின்றுவிடும். நான்கு டிகிரிதானே என்று தோன்றும். பாக்டீரியா வித்துகளுக்கு அந்த நான்கு டிகிரி பெரிய சலுகை. அதே அளவு கொல்ல இரண்டரை மடங்கு நேரம் தேவைப்படும்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் கருவி வெப்பநிலையை அளந்து இயங்குவதாக இருந்தால் 121 என்று வைத்துவிட்டுப் போகலாம், கவலை இல்லை. முள் மட்டும் உள்ள பழைய செங்குத்துக் கருவியானால், அது தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருந்தால் மட்டும், ஊட்டியில் 18.5 பவுண்டு வையுங்கள். தாங்காது என்றால் 15-லேயே விட்டு 40 நிமிடம் வையுங்கள். பாதுகாப்பு வால்வைக் கம்பி கட்டி இறுக்கும் 'திறமை' வேண்டாம். மாதம் ஒரு தடவை வித்துப் பட்டை (பாக்டீரியா வித்துகள் பூசிய தாள்) வைத்துச் சோதியுங்கள். ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கருத்தால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம், எல்லாம் செத்தது என்று அல்ல.

செல்லுக்குள் ஏற்றுதல்

இது சுலபம். பனிக்கட்டி மேல் 50 மைக்ரோலிட்டர் பி.எல்.21 டி.இ.3 செல், அதில் 50 நானோகிராம் பிளாஸ்மிட். 30 நிமிடம் பனியில். 42 டிகிரி நீரில் 45 நொடி. கடையில் வாங்கிய செல்லானால் நேரம் மாறும், அவர்கள் தாளைப் பாருங்கள். மறுபடி பனியில் 2 நிமிடம். எல்.பி. 500 மைக்ரோலிட்டர் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட்டுங்கள். பிளாஸ்மிட் ஏறாத செல்களைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கான கனமைசினுக்கு இந்த ஒரு மணி நேரம் கட்டாயம், எதிர்ப்புப் புரதம் தயாராக வேண்டுமே. பிறகு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் கனமைசின் உள்ள தட்டில் பூசி, கவிழ்த்து, 37 டிகிரி இன்குபேட்டரில் இரவு முழுக்க.

மழைக்காலத்தில் ஊற்றிய அகார் தட்டு இங்கே லேசில் காயாது. ஈரத் தட்டில் காலனிகள் ஒன்றோடொன்று வழிந்து கலந்துவிடும். லாமினார் ஃப்ளோவில் மூடியைச் சற்றே திறந்துவைத்து அரை மணி நேரம் காற்று விடுங்கள். காலனி வந்த தட்டை ஒரு வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள். இந்தச் செல் பழசானால் புரதம் தருவதைக் குறைத்துக்கொள்ளும். புதிதாக ஏற்றிக்கொள்வதே நல்லது.

வளர்ப்பும் தூண்டலும்

மாலையில் ஒரே ஒரு காலனியை எடுத்து 10 மில்லி எல்.பி.-கனமைசினில் போட்டு, 37 டிகிரியில் இரவு வளருங்கள். மறுநாள் காலை அதை ஒரு லிட்டர் புது ஊடகத்துக்கு, நூற்றுக்கு ஒன்று கணக்கில் மாற்றுங்கள். ஒரு லிட்டரையும் ஒரே குடுவையில் ஊற்றாதீர்கள். இங்கே காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூச்சு வாங்கும் பாக்டீரியாவுக்கும் அது தெரியும். நான் ஒரு லிட்டர் குடுவையில் 200 மில்லி, ஆக ஐந்து குடுவை, 180 சுற்று வேகம். வாயை இறுக மூடாமல் பஞ்சு அடைப்பு.

ஓ.டி. (செல் பெருகுவதைக் காட்டும் கலங்கல் அளவு) 600 நானோமீட்டரில் 0.6-லிருந்து 0.8 வரும்வரை 37 டிகிரி. 2 முதல் 3 மணி நேரம் ஆகும். அளக்கும்போது குவெட்டைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மூடுபனி நாளில் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த குவெட்டின் வெளிப்பக்கம் பனித்துவிடும், ஓ.டி. பொய்யாக ஏறும். தூண்டும் முன் ஒரு மில்லி எடுத்து, சுழற்றி, செல்லை மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். "தூண்டலுக்கு முன்" என்று எழுதுங்கள். இதை மறந்தவர்கள் ஜெல் நாளன்று வருந்துவார்கள்.

இனி மலை நமக்குச் செய்யும் உதவி. 37 டிகிரியில் தூண்டினால் புரதம் அவசர அவசரமாக உருவாகி, சரியாக மடியாமல் கட்டியாகத் திரண்டுவிடலாம். 18 முதல் 20 டிகிரியில் நிதானமாக விட்டால் கரையும் நிலையில் நிறையக் கிடைக்கும். இதற்காகச் சமவெளி லேப்களில் குளிரூட்டும் ஷேக்கர் வாங்கி வைத்திருப்பார்கள். நமக்குச் சாதாரண ஷேக்கர் போதும். குழாய்த் தண்ணீர் நிரப்பிய வாளியில் குடுவைகளைப் பத்து நிமிடம் வைத்தாலே 20-க்கு இறங்கிவிடும்.

இறங்கியதும், புரதம் தயாரிக்கும்படி செல்லைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி.யை லிட்டருக்கு, ஒரு மோலார் கரைசலாக அரை மில்லி, அதாவது கடைசியில் 0.5 மில்லிமோலார். கூடவே துத்தநாக சல்ஃபேட் 0.1 மில்லிமோலார் அளவுக்கு. இதை விட்டால் புரதம் வரும், ஆனால் அதில் ஒரு பகுதி நடுவில் உலோகம் இல்லாத வெறும் கூடாக இருக்கலாம். ஜெல்லில் அழகான பட்டை தெரியும், வேலை மட்டும் செய்யாது. ஐ.பி.டி.ஜி. பொடியை இந்த ஈரக் காற்றில் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் பாகாகிவிடும். எடை போட்டதும் கரைத்து, சிறு சிறு குழாய்களாக உறையவைத்துவிடுங்கள்.

16 முதல் 18 மணி நேரம் ஆட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் மட்டும் கவனம். இரவில் அறை 8, 9 டிகிரிக்கு இறங்கினால் ஈ.கோலை ஏறக்குறைய தூங்கிவிடும். அந்த மாதங்களில் ஷேக்கரை இன்குபேட்டர் இருக்கும் சின்ன அறைக்கு மாற்றி, கதவைச் சாத்திவிடுவேன். காற்றின் வெப்பத்தை அளக்காதீர்கள். ஒரு குடுவையில் வெறும் தண்ணீர் ஊற்றி ஷேக்கரில் சேர்த்து ஆடவிட்டு, அதற்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

காலையில் "தூண்டலுக்குப் பின்" என்று ஒரு மில்லி எடுத்துக்கொண்டு, மீதியை 4 டிகிரியில், 5,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். ஜி வேறு, சுற்று வேகம் வேறு. 10 செ.மீ. ஆரம் உள்ள ரோட்டரில் 5,000 ஜி என்பது சுமார் 6,700 சுற்று. அடியில் படியும் செல் கட்டி, அதாவது பெல்லட், சில கிராம் தேறும். அன்றே உடைக்காவிட்டால் உறையவைக்கலாம். உறைந்து உருகும்போது செல்சுவர் கொஞ்சம் தளர்வதும் லாபம்தான்.

உடைத்தல், பிரித்தல்

பஃபர் இது: டிரிஸ் 50 மில்லிமோலார், பி.எச். 8.0, உப்பு 300 மில்லிமோலார், இமிடசோல் 10 மில்லிமோலார். உடைக்கும் நேரத்தில், புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்க பி.எம்.எஸ்.எஃப். ஒரு மில்லிமோலார் சேர்க்க வேண்டும். அது நச்சு, கையுறை போடுங்கள். இ.டி.டி.ஏ. வேண்டவே வேண்டாம், தூணில் உள்ள நிக்கலைப் பிடுங்கும், நொதியின் துத்தநாகத்தையும் விட்டுவைக்காது.

டிரிஸ் விஷயத்தில் குளிர் மறுபடியும் மூக்கை நுழைக்கும். ஒரு டிகிரி இறங்கினால் டிரிஸ் பஃபரின் பி.எச். சுமார் 0.028 ஏறும். 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்த பஃபர் 4 டிகிரியில் 8.6 காட்டும். எந்த வெப்பத்தில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வெப்பத்திலேயே பி.எச். பார்த்துச் சரிசெய்யுங்கள். மீட்டரையும் அதே வெப்பத்தில் உள்ள கரைசல் வைத்துச் சீர்செய்யுங்கள். பாட்டிலில் "8.0" என்று மட்டும் எழுதாமல் "8.0, 4 டிகிரியில்" என்று எழுதும் பழக்கம் எங்கள் லேப்பில் இப்போது வந்துவிட்டது.

ஒரு கிராம் பெல்லட்டுக்கு 5 முதல் 10 மில்லி பஃபர். மில்லிக்கு ஒரு மில்லிகிராம் லைசோசைம் போட்டு அரை மணி நேரம் பனியில் வையுங்கள். பிறகு ஒலி அதிர்வால் செல்லை உடைக்கும் சோனிகேட்டர்: 10 நொடி ஓட்டு, 20 நொடி ஓய்வு, இப்படி 15, 20 தடவை. நுரை வந்தால் முனை மேலே இருக்கிறது, இன்னும் ஆழமாக விடுங்கள். கஞ்சிபோல் கொழகொழவென்று இருந்தால் அது டி.என்.ஏ., இன்னும் சில சுற்று ஓட்டுங்கள். 12,000 ஜியில் 30 நிமிடம் சுழற்றினால் மேலே தெளிந்த நீர், கீழே கசடு. இரண்டிலும் 40 மைக்ரோலிட்டர் எடுத்து வையுங்கள். புரதம் கசடில்தான் இருக்கிறது என்று பிறகு தெரிந்தால் அடுத்த முறை 16 டிகிரி, ஐ.பி.டி.ஜி. 0.1 மில்லிமோலார் என்று குறைத்துப் பாருங்கள்.

நிக்கல் என்.டி.ஏ. ரெசின் 2 மில்லி போதும். அதே பஃபரில் கழுவித் தயார்செய்து, தெளிந்த நீரோடு சேர்த்துக் குளிரில் ஒரு மணி நேரம் மெல்ல உருட்டுங்கள். தூணில் ஊற்றி, வழிந்து வருவதைப் பிடித்து வையுங்கள், கொட்டக்கூடாது. 30 மில்லிமோலார் இமிடசோல் பஃபரால் 20, 30 மில்லி கழுவுங்கள். பிறகு 250 மில்லிமோலார் இமிடசோலால் ஒவ்வொரு மில்லியாக இறக்குங்கள். இமிடசோலும் காரத்தன்மை உள்ளது. சேர்த்த பிறகு பி.எச். பார்க்க மறக்காதீர்கள்.

எந்தக் குழாயில் புரதம் என்று அறிய, பிராட்ஃபோர்ட் சாயம் 200 மைக்ரோலிட்டரில் 5 மைக்ரோலிட்டர் விட்டுப் பாருங்கள். பழுப்பு சட்டென்று நீலமானால் அதுதான். அந்த நிமிடத்துக்காகவே இந்த வேலையை விடாமல் செய்கிறவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். நீலமான குழாய்களைச் சேர்த்து, 10 கிலோடால்டன் டயாலிசிஸ் பையில் கட்டி, டிரிஸ் 20 மில்லிமோலார், உப்பு 100 மில்லிமோலார் உள்ள குளிர்ந்த பஃபரில் இரண்டு முறை மாற்றி, இரவு முழுக்க வையுங்கள். இமிடசோல் போய்விட வேண்டும். 280 நானோமீட்டரில் அது ஒளியை உறிஞ்சிக் கணக்கைக் கெடுக்கும். அது போனபின் ஒரு மில்லிகிராம்-மில்லி கரைசல் சுமார் 1.6, 1.7 காட்டும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் தேறினால் எனக்கு அன்று டீயோடு வர்க்கியும் உண்டு.

ஜெல்லும் உறைந்த பாட்டில்களும்

12 சதவீத எஸ்.டி.எஸ். ஜெல். முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே தெரிய வேண்டியது அலமாரியில் உள்ள பாட்டில்களைப் பற்றி. எஸ்.டி.எஸ். கரைசல் 20 டிகிரிக்குக் கீழே வெள்ளையாகப் படிந்துவிடும். கெட்டுப்போனது என்று முதல் வருடம் ஒரு முழு பாட்டிலைக் கொட்டினேன். வெந்நீரில் வைத்தால் பழையபடி தெளிந்துவிடும். சுத்தமான அசெட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் உறையும், ஜனவரியில் பாட்டில் கல்போல் இருக்கும். டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியிலேயே கட்டியாகும். இவற்றை நேரடிச் சூட்டில் வைக்காமல், மூடியைத் தளர்த்தி, வெதுவெதுப்பான நீரில் இருத்துங்கள். அசெட்டிக் அமிலத்தைப் புகை உறிஞ்சும் பெட்டிக்குள்தான் (ஃப்யூம் ஹுட்) திறக்க வேண்டும்.

ஜெல்லும் குளிரில் இறுகாது. 20 நிமிடத்தில் இறுக வேண்டியது எனக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்திருக்கிறது. அதைப் பார்த்து அம்மோனியம் பெர்சல்ஃபேட்டை அள்ளிப் போட வேண்டாம். கரைசலை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, கண்ணாடித் தகடுகளையும் இன்குபேட்டரில் சூடாக்கி ஊற்றினால் சரியாகிவிடும். மாதிரிகளைக் கொதிக்கவைக்கும்போது தண்ணீர் 92-ல் கொதித்தாலும் பாதகமில்லை, 5 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடம் வையுங்கள். குழாய் மூடிக்குப் பூட்டு போடாவிட்டால் பட்டென்று திறந்துகொள்ளும்.

எடுத்து வைத்த மாதிரிகளை வரிசையாக ஓட்டுங்கள்: முன், பின், கசடு, தெளிவு, வழிந்தது, கழுவியது, இறக்கியது. 31-க்குப் பக்கத்தில் தடித்த பட்டை, "முன்" வரிசையில் இல்லாமல் "பின்" வரிசையில் இருக்க வேண்டும். இறக்கியதில் 25 கிலோடால்டன் பக்கம் மெல்லிய பட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்லைடி என்ற ஈ.கோலையின் சொந்தப் புரதம். இயல்பாகவே ஹிஸ்டிடின் நிறைந்தது, நிக்கலில் ஒட்டிக்கொள்ளும். கழுவும்போது இமிடசோலை 40-க்கு உயர்த்தினால் குறையும்.

வேலை செய்கிறதா

பட்டை மட்டும் போதாது. வில்பர், ஆண்டர்சன் இருவரும் 1948-இல் வகுத்த சோதனை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரைப் பனியில் வைத்து, அதற்குள் உலர்பனித் துண்டுகளைப் போட்டுக் குமிழவிடுங்கள். அரை மணி நேரத்தில் கரியமில வாயு நிறைந்த நீர் தயார். இன்னொரு குழாயில் பனிக்குளிர் டிரிஸ் 20 மில்லிமோலார், பி.எச். 8.3, 3 மில்லி. அதில் புரோமோதைமால் நீலம் சில துளி. நொதி 50 மைக்ரோலிட்டர், மில்லிக்கு 0.01 மில்லிகிராம் அளவுக்கு நீர்த்தது. வாயு நீர் 2 மில்லியை ஊற்றிய நொடியில் கடிகாரத்தைத் தட்டுங்கள். நீலம் மஞ்சளாக எத்தனை நொடி?

நொதிக்குப் பதில் வெறும் பஃபர் விட்ட குழாய் நெடுநேரம் நீலமாகவே நிற்கும். நொதி உள்ளது அதில் பாதி நேரத்திலோ அதற்கும் முன்போ மஞ்சளாகும். கொதிக்கவைத்த நொதி வெறும் பஃபர்போலவே நடக்க வேண்டும். 10 மைக்ரோமோலார் அசெட்டசோலமைடு சேர்த்ததும் அப்படித்தான். மாத்திரையை இடித்துப் போடாமல் தூய பொடியை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்துப் பயன்படுத்துங்கள், அதே அளவு வெறும் டி.எம்.எஸ்.ஓ. விட்ட குழாயும் ஒன்று இருக்கட்டும். இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் நீரில் கரையும் வாயுவும் குறைவு. சமவெளிக்காரர்களின் நொடிக் கணக்கோடு ஒப்பிடாமல், அதே நாளில், அதே நீரில் எடுத்த உங்கள் வெறும் பஃபர் கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

உலர்பனி கிடைக்காத நாளில் பாரா-நைட்ரோஃபீனைல் அசெட்டேட் இருக்கிறது. நொதி அதை உடைத்தால் மஞ்சள் நிறம் எழும், 400 நானோமீட்டரில் அளக்கலாம். அது பஃபரிலேயே தானாகவும் மெதுவாக உடையும். நொதி இல்லாத குழாயின் வேகத்தைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

ஈ.கோலையில் எடுத்த எந்தப் புரதத்திலும் அதன் சவ்வில் இருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு ஒட்டியிருக்கும். நொதிச் சோதனைக்கு அதனால் தொல்லை இல்லை. வளர்ப்புச் செல்கள்மேல் போடப்போகிறீர்கள் என்றால் அதை அளந்து, நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் எண்டோடாக்சின் செய்த வேலையைப் புரதம் செய்ததாக எழுதிவிடுவீர்கள்.

கழிவும் சேமிப்பும்

வளர்ப்பு நீர், தட்டு, டிப் எல்லாம் ஆட்டோகிளேவில் போய் வரட்டும், மேலே சொன்ன மலைக் கணக்கில். கனமைசின் சூட்டுக்கு எளிதில் அழியாது. பாக்டீரியா செத்துவிட்டது என்று அந்த நீரைத் தொட்டியில் ஊற்றினால் மருந்து அப்படியே ஓடைக்குப் போகும். நம் சாக்கடைக்குக் கீழே இன்னொரு ஊரின் குடிநீர் இருக்கிறது. தனிக் கேனில் சேர்த்து ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். நிக்கலும் அப்படியே.

புரதத்தை 50 மைக்ரோலிட்டர் குழாய்களாகப் பிரித்து, 10 சதவீத கிளிசரால் சேர்த்து மைனஸ் 80-ல் வையுங்கள். ஒரு குழாயை ஒரு தடவைதான் உருக்க வேண்டும். குழாய் மேல் புரதத்தின் பெயர், அடர்த்தி, பஃபர், தேதி நான்கும் பென்சிலிலோ அழியாத மையிலோ இருக்கட்டும். சாதாரண மார்க்கர் எழுத்து இங்கத்திய ஈரத்தில் வழிந்துவிடும். மைனஸ் 80 இல்லாதவர்கள் 50 சதவீத கிளிசராலில், மைனஸ் 20-ல் வைக்கலாம். அது உறையாமலே இருக்கும், சில மாதம் தாங்கும்.

தென்மேற்குப் பருவத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃப்ரீசரில் ஒரு சின்ன டப்பாவில் தண்ணீர் உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்திருங்கள். இரண்டு நாள் விடுமுறை முடிந்து திரும்பி வரும்போது ஃப்ரீசர் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருக்கும். நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்போது ஒரு குழாயை எடுத்து, வெறும் பஃபரோடு பக்கத்தில் வைத்து, நீலம் மஞ்சளாகும் நேரத்தை மறுபடி பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.